ஓட்டத்துக்கு முதுகு காட்டாத புரோப்

பிளாஸ்மா ஆய்வுக்கூடத்தில் தமக்கு ‘நேர்கோட்டம்மா’ என்று பட்டப்பெயர் இருப்பது அந்த அம்மாளுக்குத் தெரியும். அவருடைய முதுகு நாற்காலியின் சாய்மானத்தைத் தொட்டு அங்கே ஒருவரும் பார்த்ததில்லை. முகத்துக்கு நேரே எல்லோரும் மேடம் என்பார்கள். கதவைத் தாண்டியதும் நேர்கோடு என்பார்கள். அவர் அதை வசையாக எடுத்துக்கொள்ளவில்லை. வளைந்து நெளிந்து பதவி உயர்வு வாங்குகிறவர்கள் நிறைந்த இடத்தில், நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளுக்குப் பெயர் வைக்காமல் வேறு யாருக்கு வைப்பார்கள் என்று விட்டுவிட்டார்.

கூடத்தின் நடுவே பேருந்து நீளத்துக்கு ஓர் எஃகுக் கலன் படுத்திருந்தது. உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, இடது முனையில் கொஞ்சம் வாயுவை விட்டுச் சூடேற்றினால் அது பிளாஸ்மாவாகி, ஊதா நிறத்தில் ஒளிர்ந்துகொண்டு வலது முனைக்கு ஓடும். எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று சொல்வதுதான் அங்கே பாதிப் பேருக்குப் பிழைப்பு. மீதிப் பாதிப் பேருக்கு, அப்படிச் சொன்னவர்கள் சொன்னது தப்பு என்று சொல்வது பிழைப்பு.

அளக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று தொட்டுப் பார்ப்பது, மற்றது எட்டிப் பார்ப்பது. தொட்டுப் பார்ப்பவர்கள் புரோப்காரர்கள். உலோகக் கம்பியைப் பிளாஸ்மாவுக்குள்ளேயே நீட்டி, அதில் வந்து மோதும் அயனிகளை மின்னோட்டமாக எண்ணுவார்கள். எட்டிப் பார்ப்பவர்கள் லேசர்காரர்கள். கலனின் கண்ணாடிச் சன்னல் வழியாக ஒளியைச் செலுத்தி, அந்த ஒளியின் நிறம் இம்மியளவு நகர்வதை வைத்து வேகம் சொல்வார்கள். புரோப்காரர்களைப் பொறுத்தவரை லேசர்காரர்கள் அடுத்த வீட்டுச் சன்னலை எட்டிப் பார்க்கிற கூட்டம். லேசர்காரர்களைப் பொறுத்தவரை புரோப்காரர்கள் கொதிக்கிற பானைக்குள் கையை விட்டுச் சூடு பார்க்கிற கூட்டம். இரண்டு கூட்டமும் ஒரே காப்பி இயந்திரத்தைப் பகிர்ந்துகொண்டன. அதற்கு மேல் எதையும் பகிர்ந்துகொள்ளவில்லை.

நேர்கோட்டம்மா தொட்டுப் பார்க்கிற வம்சம். பிறப்பால் அல்ல, வாழ்க்கைப்பட்டதால். கூடத்தை நிறுவியவரும் அங்கிருக்கும் புரோப்பை வடிவமைத்தவரும் அவருடைய காலஞ்சென்ற மாமனார். பெற்ற பிள்ளை கூடத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் பல் மருத்துவத்துக்கு ஓடிவிட்டதால், புரோப் மருமகள் கைக்கு வந்தது. வந்த மருமகள் அந்த வீட்டு மானத்தைப் பெற்ற பிள்ளைகளைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தம் ஒரே மகளையும் புரோப்பிலேயே வளர்த்தார். அந்த மகள் காதலித்ததில் அம்மாளுக்கு வருத்தம் இல்லை. காலம் அப்படி. போயும் போயும் ஒரு லேசர்காரனையா என்பதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது.

ஆனாலும் மாப்பிள்ளை மாப்பிள்ளைதான். ‘வாங்க மாப்பிள்ளை’, ‘உட்காருங்க மாப்பிள்ளை’ என்று ஒரு எழுத்துக் குறையாமல் மரியாதை நடந்தது. அவரும் அத்தை அத்தை என்று பணிவாகப் பேசிவிட்டு, மறுநாள் கூட்டத்தில் எழுந்து நின்று புரோப்காரர்களின் கணக்கைக் கிழித்துத் தோரணம் கட்டுவார். அத்தை அதே கூட்டத்தில் லேசர்காரர்களின் சன்னலைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுவார். பிறகு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள்.

அந்த புரோப்பைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சுண்டுவிரல் தடிமனில் ஒரு பீங்கான் உறை. அதன் முன்பக்கம் ஒரு சிறு துளை, பின்பக்கம் ஒரு சிறு துளை. ஒவ்வொரு துளைக்குள்ளும் ஒரு கம்பி. முன்துளை ஓட்டத்தைப் பார்த்து நிற்கும், பின்துளை ஓட்டத்துக்கு முதுகு காட்டி நிற்கும். எதிர்க்காற்றில் நடக்கிறவனுக்கு மார்பில்தானே தூசி அதிகம் ஒட்டும்? அதுபோல முன்துளைக் கம்பியில் அயனிகள் அதிகம் விழும், பின்துளையில் குறைவாக விழும். இரண்டுக்கும் உள்ள விகிதம்தான் வேகத்தைச் சொல்லும். இவ்வளவுதான் சூட்சுமம். ஆனால் இரண்டு துளைகளும் ஒரே அளவாக இருக்க வேண்டும். இருக்கின்றனவா என்று பார்க்க, புரோப்பை ஒரு தடவை பின்பக்கமாகத் திருப்பி அளந்தால் போதும். உலகத்தில் எல்லாப் புரோப்காரர்களும் திருப்புவார்கள்.

இந்தக் குடும்பம் திருப்பாது. பழைய கலனில் திருப்பினால் புரோப் தண்டைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் விட்டுக்கொடுத்துக் காற்று உள்ளே புகுந்துவிடும்; அதனால் மாமனார் ஒருநாள், அதைத் திருப்பாதே என்று மருமகளிடம் சொன்னார். பிறகு பழைய கலன் போய்ப் புதிய கலன் வந்தது. ரப்பர் வளையம் போய் நல்ல உலோக வளையம் வந்தது. மாமனாரும் போய்ச் சேர்ந்தார். அவர் சொன்னது மட்டும் போகவில்லை. காரணம் உதிர்ந்துவிட்ட பிறகு அது வெறும் கட்டளையாகி, கட்டளை மெல்ல மெல்லக் குலப்பெருமையாகிவிட்டது. யாராவது கேட்டால் நேர்கோட்டம்மா, “எங்க புரோப் ஓட்டத்துக்கு முதுகு காட்டாது” என்பார். கேட்டவர் வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்.

இப்போது தகராறு வாசலுக்காக. கலனின் சரியான நடுவில் ஒரு வட்டத் திறப்பு உண்டு. கூடத்தில் அதை நடுவாசல் என்பார்கள். ஓட்டம் அங்கேதான் தெளிவாக இருக்கும். மாமனார் காலத்திலிருந்து அதில் புரோப்தான் நின்றது. லேசர்காரர்கள் பக்கவாட்டில் ஒரு சாய்வான சன்னல் வழியாகக் கழுத்தை ஒடித்துக்கொண்டு அதே இடத்தைப் பார்த்துவந்தார்கள். நடுவாசலை எங்களுக்குக் கொடுங்கள் என்று அவர்கள் வெகுகாலமாக நச்சரித்ததில் இயக்குநர் ஒரு வழி சொன்னார். இரண்டு பேரும் ஒரே ஓட்டத்தை ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். யார் சொல்வது நிற்கிறதோ அவர்களுக்கு வாசல். இயக்குநர் சண்டையில்லாமல் ஓய்வு பெற ஆசைப்பட்ட மனிதர். இப்படிச் சொன்னால் சண்டை குறையும் என்று நம்பினார்.

அளந்தார்கள். லேசர் சொன்ன வேகம் புரோப் சொன்னதில் பாதிகூட இல்லை.

முடிவைப் பேசும் கூட்டத்துக்கு நேர்கோட்டம்மா போருக்குப் போவதுபோலப் போனார். லேசர் எங்கெங்கே தவறும் என்று மனத்துக்குள் பீரங்கிகளை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார். மாப்பிள்ளை எழுந்தார். தொண்டையைச் செருமினார். தங்கள் சன்னலில் படலம் படிந்திருப்பதாகவும், சாய்வாகப் பார்ப்பதால் கணக்கில் குளறுபடி இருக்கலாம் என்றும், தங்கள் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம் என்றும் சொன்னார். கடைசியாக, “புரோப் சொல்றதே சரியா இருக்கலாம்” என்று முடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவருடைய ஆட்களே அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். எட்டிப் பார்க்கிற கூட்டத்தில் ஒருவர் தன் அளவில் பிழை இருக்கலாம் என்று வாய்திறந்து சொன்னதை அந்தக் கூடம் அதுவரை கேட்டதில்லை. இயக்குநர் நிம்மதிப் பெருமூச்சு விட்டு, நடுவாசல் புரோப்புக்கே என்றார். ஒரு குண்டுகூட வெடிக்காமல் போர் முடிந்தது. நேர்கோட்டம்மாவின் பீரங்கிகள் அப்படியே நின்றன. ஜெயித்துவிட்டோம் என்று அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். சொல்லச் சொல்ல அது மீன் முள்போலத் தொண்டையில் நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் மட்டும் தனியாகச் சாப்பிட வந்தாள். கணவருக்குத் தலைவலி என்றாள். மகள் பொய் சொல்லும்போது மேசையில் இருக்கும் கரண்டிகளை ஒழுங்காக அடுக்குவாள். அன்று கரண்டிகள் எல்லாம் ராணுவ அணிவகுப்புப்போல இருந்தன. அம்மாள் குறுக்கு விசாரணையைத் தொடங்கினார். சன்னலில் படலம் இருந்ததா, எப்போது படிந்தது, யார் பார்த்தார்கள், துடைத்தால் போகாதா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டதில் மகள் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

“படலமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் புரோப்பைத் திருப்பிப் பாத்தேம்மா.”

அம்மாளின் கை தட்டிலேயே நின்றது. பல் மருத்துவர் மட்டும் மென்றுகொண்டிருந்தார்.

“எப்ப?”

“நீ அப்பாகிட்ட கடைவாய்ப் பல்லு பிடுங்கிக்கப் போயிருந்தியே, அன்னிக்கு.”

பிறகு மீதியும் வந்தது. திருப்பினால் இரண்டு துளைகளின் அளவுகளும் இடம் மாறியிருக்க வேண்டும். முன்துளை குறைவாகவும் பின்துளை அதிகமாகவும் காட்டியிருக்க வேண்டும். மாறவில்லை. ஓட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றபோதும் முன்துளையே அதிகம் வாங்கியது. முன்துளை பின்துளையைவிடப் பெரிது, இரண்டு மடங்கு. அந்தப் பெருக்கத்தைத்தான் இத்தனை காலம் வேகம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். மகள் இதைக் கணவரிடம் சொல்லியிருக்கிறாள். சொல்லாமல் எப்படி இருப்பது, முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார் என்றாள்.

“தெரிஞ்சும் ஏன் கூட்டத்துல சொல்லலையாம்?”

மகள் தயங்கினாள். “உங்க அம்மாவை எல்லார் முன்னாடியும் தலைகுனிய வைக்கிற வேலையை நான் செய்ய மாட்டேன்னாரு.”

நேர்கோட்டம்மாவுக்குக் காது மடல்கள் சூடாயின. புரோப் தப்பு என்பதுகூட அந்த நேரத்தில் இரண்டாம்பட்சமாகிவிட்டது. தம்மைப் பார்த்து ஒருவர் பாவம் என்று நினைத்திருக்கிறார். அதுவும் ஒரு லேசர்காரர்.

மகள் கைப்பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய இரண்டு பீங்கான் உறைகளை எடுத்து வைத்தாள். ஒன்று உடைந்துபோன பழையது, ஒன்று மாற்றுக்கு வைத்திருந்த புதியது. பல் மருத்துவர் கையைத் துடைத்துக்கொண்டு, ஓய்வு நாளிலும் சட்டைப்பையில் வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்து அவற்றைப் பார்த்தார். பழையதன் முன்துளை ஓரம் அரித்துப்போய் அகன்றிருக்கிறது என்றார். ஓயாமல் ஓட்டம் வந்து மோதுகிற பக்கம், அரிக்காமல் என்ன செய்யும்? புதியதைப் பார்த்தார். அதுவும் அதே மாதிரி அகன்றிருந்தது.

“இதை எதைப் பாத்துப் பண்ணச் சொன்னே?” என்று மனைவியைக் கேட்டார்.

“பழசைப் பாத்துத்தான்.”

“தேஞ்ச பல்லுக்கு அச்சு எடுத்துப் புதுப் பல்லு கட்டினா, அதுவும் தேஞ்ச பல்லாத்தான் வரும்” என்று சொல்லிவிட்டு, தண்ணீர் ஜாடியை இந்தப் பக்கம் தள்ளும்படி கேட்டார்.

அம்மாளுக்கு எல்லாம் விளங்கியது. உறை உடையும்போதெல்லாம் அவரேதான் பழையதைப் பட்டறையில் கொண்டுபோய்க் கொடுத்து, மயிரிழை மாறாமல் இதே மாதிரி வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். புதியது இன்னும் கொஞ்சம் அரிக்கும். அடுத்தது அந்த அரிப்போடு பிறக்கும். ஒரு குடும்பத்து மூக்கு தலைமுறை தலைமுறையாக இறங்குவதுபோலத் தேய்மானம் இறங்கி வந்திருக்கிறது. ஒருமுறை பட்டறைக்காரர் இரண்டு துளைகளையும் ஒரே அளவாகப் போட்டு அனுப்பியிருந்தார். இது எங்கள் வீட்டு வடிவம் இல்லை என்று அதைத் திருப்பி அனுப்பி, மறுபடி செய்ய வைத்தவரும் இந்த அம்மாள்தான்.

அன்று பிற்பகல் முழுவதும் அவர் துணி மடித்தார். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தார். சும்மா இருந்துவிடலாம். வாசல் கைவிட்டுப் போகவில்லை. வெளியே ஒரு குருவிக்கும் தெரியாது. அடுத்த உறையைச் சத்தமில்லாமல் சரியாகச் செய்துகொண்டு, பிளாஸ்மா இப்போது மெதுவாக ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். பிளாஸ்மா வந்து மறுக்கப்போவதில்லை. வீட்டு மானம் சிந்தாமல் சிதறாமல் அப்படியே இருக்கும்.

ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாப்பிள்ளை அந்த மேசைக்கு வருவார். அத்தை என்பார். அந்த ‘அத்தை’ என்ற சொல்லுக்குள் ஒரு சின்ன ‘ஐயோ பாவம்’ ஒளிந்திருக்கும். கூட்டத்தில் இனி அவர் அத்தையோடு சண்டைக்கு வர மாட்டார். வயதானவர்களுக்கு வழிவிடுவதுபோல வழிவிடுவார். அடுத்தவர் வாயை மூடிக்கொண்டிருக்கும் தயவில் நிற்கிற மானம் என்ன மானம்? அது வாடகைக்கு எடுத்த நகை. அம்மாள் கடைசித் துணியைக் கட்டிலில் எறிந்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் காலை கூடத்தில் இயக்குநர், லேசர்காரர்கள், மின்சுற்று பார்க்கிறவர்கள், வேலையில்லாமல் எட்டிப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள். புரோப்பையும் லேசரையும் சேர்த்து மறுபடி ஓட்ட வேண்டும் என்று நேர்கோட்டம்மா கேட்டிருந்தார். காரணம் கேட்ட இயக்குநரிடம், வந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னார். மாப்பிள்ளை லேசர் மேசைக்குப் பின்னால் நின்று மனைவியைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள்.

கலனுக்குள் ஊதா ஒளி ஏறியது. புரோப்பின் இரண்டு எண்களும் திரையில் வந்தன. பின்துளை ஒன்று வாங்கினால் முன்துளை மூன்று வாங்கியது. அம்மாள் எழுந்துபோய், நடுவாசலில் புரோப் தண்டைப் பிடித்திருக்கும் கவ்வியைத் தளர்த்தினார். சிவப்புப் புள்ளி வைத்த முன்பக்கம் மெதுவாகத் திரும்பி ஓட்டத்துக்கு முதுகைக் காட்டியது. மின்சுற்றுக்காரர் ஒருவர் கையிலிருந்த காப்பியைக் குடிக்க மறந்து நின்றார்.

எண்கள் இடம் மாறவில்லை. முன்துளையே அதிகம், பின்துளையே குறைவு.

லேசர்காரர்களில் ஒருவர், “முதுகுலயும் மூஞ்சி முளைச்சிருக்கு போல” என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். மாப்பிள்ளை அவர்களை முறைத்தார்.

“சிரிக்கட்டும் மாப்பிள்ளை. நல்லாத்தான் சொன்னாரு” என்றார் அம்மாள். பிறகு வெள்ளைப் பலகையில் நின்று, துளை அரித்த கதையை, அரிப்பையே அச்சாக வைத்துச் செய்த கதையை, பட்டறைக்காரரைத் திட்டிய கதை உட்பட, பாடம் நடத்துகிற குரலில் சொன்னார். இரண்டு அளவுகளையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, துளைகளின் வித்தியாசத்தைக் கழித்து எறிந்தார். வந்த வேகத்தை லேசர் சொன்ன வேகத்துக்குப் பக்கத்தில் எழுதினார். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன.

இயக்குநர் இளகிய மனம் படைத்தவர். உங்கள் மாமனார் காலத்தில் உறை புதிதாகத்தான் இருந்திருக்கும், அவர் அளந்தது சரியாகவே இருந்திருக்கும் என்றார்.

“இருந்திருக்கும்கிறது அளவு இல்ல சார். அவர் இருந்திருந்தா அவரே அதை ஒத்துக்க மாட்டாரு. இத்தனை நாள் நாங்க சொன்ன வேகம் எல்லாம் தப்புன்னு எங்க பேர்லயே அறிவிப்பு வரட்டும். நடுவாசல் லேசர்காரங்களுக்கு.”

மாப்பிள்ளை மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தார். வேண்டாம் அத்தை, வாசல் உங்களிடமே இருக்கட்டும், சாய்வுச் சன்னலே எங்களுக்குப் பழகிவிட்டது என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்க என் மரியாதையைக் காப்பாத்தினதா நினைச்சுக்கிட்டிருக்கீங்க. என்னைக் கண்ணாடிப் பாத்திரமாக்கி அலமாரில வச்சுட்டீங்க, அதான் நடந்தது. கூட்டத்துல எந்திரிச்சு, உங்க புரோப் தப்பு அத்தைன்னு சொல்லியிருந்தா நான் உங்களை ரெண்டு கிழி கிழிச்சிருப்பேன். அப்புறம் திருப்பிப் பாத்து ஒத்துக்கிட்டிருப்பேன். அது மரியாதை. இனிமே எங்க பக்கம் தப்பு தெரிஞ்சா நேரா சொல்லுங்க. சொல்லலேன்னா ஞாயித்துக்கிழமை உங்களுக்குச் சாப்பாடு கிடையாது.”

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அவள் இப்போது கூரையைப் பார்க்கவில்லை. தோளை மட்டும் குலுக்கினாள்.

“அப்படீன்னா அத்தை, இன்னொண்ணு இருக்கு.”

“சொல்லுங்க.”

“உங்க புரோப் உள்ள போனாலே ஓட்டம் அந்த இடத்துல தடுமாறுது. பின்னாடி நிழல் மாதிரி விழுது. எங்க லேசர்ல தெரியுது. ரொம்ப நாளாவே தெரியும்.”

இயக்குநர் கதவை நோக்கி ஒரு எட்டு வைத்தார்.

“எவ்வளவு தடுமாறுது?” என்று அம்மாள் கேட்டார்.

“அதை இன்னும் அளக்கல.”

“அளக்காத விஷயத்தை என்ன தைரியத்துல பேசறீங்க மாப்பிள்ளை?” அவர் திரும்பிப்போய்க் கவ்வியை மறுபடி தளர்த்தினார். “நான் இதை வெளிய இழுத்துட்டு, கொஞ்சம் கொஞ்சமா உள்ள விடறேன். ஒவ்வொரு தடவையும் நீங்க பாருங்க. நிழல் விழுந்தா நான் ஒத்துக்கறேன். விழலேன்னா நீங்க வெள்ளைப் பலகைக்கு வரணும்.”

“வரேன் அத்தை. ஆனா நிழல் விழும்.”

“வாயை வச்சு அளக்காதீங்க. லேசரைத் திறங்க.”

மகள் சுவரோரமாக நின்று இருவரையும் பார்த்தாள். ஒருவர் தண்டை அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டிருந்தார். மற்றவர் சாய்வுச் சன்னலில் கழுத்தை ஒடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அதட்டிக்கொண்டிருந்தார். இவர்களுக்கு இன்றைக்கு வீட்டு நினைப்பு வரப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. வெளியே வந்து அப்பாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு, சாயங்காலம் நாம் இருவர் மட்டும் எங்கேயாவது சாப்பிடப் போகலாமா என்று கேட்டாள்.